கிராமத்துச் சிறார் இலக்கியத் திருவிழாவைப் படமெடுப்பது: சென்னையிலிருந்து கிளம்புபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையில் புத்தகத் திருவிழா என்றதும் ஜனவரி மாதத்து நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம்தான் நினைவுக்கு வரும். 1977-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியைப் படமெடுக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நகரத்தைத் தாண்டி ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனால் நிலைமை வேறு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து ஊர்களில் ஆசிரியர்களும் நூலகர்களும் உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து பிள்ளைகளுக்காகக் கதைத் திருவிழா நடத்துகிறார்கள். கதை சொல்லல், பொம்மலாட்டம், காகித மடிப்பு, எழுத்தாளரோடு பேச்சு, புத்தகக் கடை என்று பொழுது முழுக்க நடக்கும். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் பொன்னாடை போர்த்தும் படங்களும் ஒரு குரூப் போட்டோவும்தான் மிஞ்சியிருக்கும். ஒரு பிள்ளை கதைக்குள் போய்விட்ட நிமிடம் எதிலும் இருக்காது.

அந்த நிமிடங்களை எடுப்பதற்கான வழிகாட்டி இது. டிஎஸ்எல்ஆர் கேமரா, மிரர்லெஸ் கேமரா, கைப்பேசி எது வைத்திருந்தாலும் சரி. கீழே சொல்லும் எல்லா முடிவுக்கும் ஒரே அளவுகோல்தான்: படத்தில் இருக்கும் பிள்ளை வளர்ந்த பிறகு அதைப் பார்த்து, “இது நான்தான்” என்று நாலு பேரிடம் சந்தோஷமாகக் காட்ட வேண்டும். எங்கே நிற்பது, எப்போது எடுக்காமல் இருப்பது, எந்தப் படத்தை அழிப்பது எல்லாமே இதிலிருந்து வருபவை.

முதல் வேலை: ஊரோடு பேசுவது

விழாவுக்கு ஒரு வாரமாவது முன்னால் அமைப்பாளர்களிடம் பேசிவிடுங்கள். நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, எந்த நிகழ்ச்சி எந்த இடத்தில் நடக்கும் என்று கேளுங்கள். மரத்தடியா, பந்தலா, வகுப்பறையா என்பதை வைத்துத்தான் உங்கள் நாள் அமையும். அரசுப் பள்ளி வளாகம் என்றால் தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. அவர் தன் மேலதிகாரியிடம் கேட்க வேண்டியிருக்கலாம். அதற்கு அவகாசம் கொடுங்கள்.

முடிந்தால் ஒருநாள் முன்னதாகப் போய் இடத்தைப் பாருங்கள். உத்திரமேரூர் பக்கம் என்றால் செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் போய் அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். பழவேற்காடு என்றால் கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து. முன்னதாகப் போவதில் வெளிச்சம் பார்ப்பது பாதி வேலைதான். மீதி, உங்கள் முகம் ஊருக்குப் பழகுவது. டீக்கடையில் நின்று பேசிவிட்டு வந்தவருக்கும் விழா நாளில் காரில் வந்து இறங்கி நேரே கேமராவைத் தூக்குபவருக்கும் கிடைக்கும் படங்கள் ஒன்றாக இருப்பதில்லை. பெரியவர்களை ஐயா, அம்மா என்று கூப்பிட்டு, நீங்கள் யார், படங்கள் எங்கே போகும் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு எடுக்கிறீர்கள் என்றால் உரிமையைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். நம் காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். யாரிடமும் கூலி வாங்காமல் நீங்களாக எடுத்தால் உரிமை உங்களுடையது. எது எப்படி என்று இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்மதம்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகள் என்றே கணக்கில் கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தன் மகளின் படம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு தாய்க்கு இருக்கும் உரிமை சட்டத்துக்கும் முந்தியது.

ஒரே பக்கத்தில், எளிய தமிழில் சம்மதப் படிவம் தயார் செய்யுங்கள். “படம் எடுக்கலாமா” என்ற ஒற்றைக் கேள்வி போதாது. மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: ஊருக்குள், பள்ளியிலோ நூலகத்திலோ மாட்டலாமா? இணையத்தில் போடலாமா? நன்கொடை தருபவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் சேர்க்கலாமா? முதலாவதற்குச் சரி சொல்லி இரண்டாவதற்கு வேண்டாம் என்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அது நியாயமான பதில். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஆசிரியர் யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். படிவங்களை விழாவுக்கு முன்பே பள்ளி வழியாக அனுப்பி வாங்கிவிடுவது நல்லது. அன்றைக்குக் காலைக் கூட்டத்தில் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

சரி, நூறு பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் யாருக்குச் சம்மதம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எப்படித் தெரியும்? வேண்டாம் என்ற பிள்ளைகளுக்கு மட்டும் அடையாளம் போட்டால் அவர்கள் தனித்துத் தெரிவார்கள், மனம் நோகும். அதனால் எல்லோருக்குமே சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். சிலருக்குக் கிளி, சிலருக்கு அணில். அணில் ஒட்டியிருந்தால் முகம் தெரிய எடுக்கக் கூடாது என்பது உங்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பிள்ளைகளுக்கு அது வெறும் அழகான ஸ்டிக்கர்.

காப்பகத்திலிருந்து வரும் பிள்ளைகளும், செங்கல் சூளை போன்ற இடங்களில் கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் விழாவில் இருக்கலாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், பள்ளி, படம் என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. யார் யார் என்று நீங்கள் துருவிக் கேட்க வேண்டாம். அணில் ஸ்டிக்கர் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் அமைப்பாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் அப்பால், பிள்ளையின் சொல் ஒன்று இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தப் பிள்ளை “வேணாம்ண்ணா” என்று முகத்தைத் திருப்பினால் கேமராவை இறக்கிவிடுங்கள். சும்மா விளையாட்டுக்குத்தானே என்று திருப்பித் திருப்பி முயற்சி செய்வது தப்பு.

பையில் என்ன இருக்க வேண்டும்

குறைவாக எடுத்துப் போங்கள். ஒரு கேமரா, அகலமாகக் காட்டும் 35 மி.மீ., தள்ளி நின்றே நெருக்கமாக எடுக்க உதவும் 85 மி.மீ. போல இரண்டு லென்ஸ் இருந்தால் போதும். ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் அதுவே நன்றாக வேலை செய்யும். இரண்டு பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, பவர் பேங்க், துடைக்கும் துணி, ஒரு வெள்ளை ஏ4 தாள், தண்ணீர். குழந்தைகள் தினத்தை ஒட்டி நவம்பரில் விழா என்றால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், கேமராவுக்கு மழை உறை கட்டாயம். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்றில் லென்ஸ் முழுக்கப் பனி படியும். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் முதலில் அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது பிள்ளைகளின் தோலை வெளுப்பாக்கி, முகத்தை மெழுகு போல வழவழப்பாக்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம், புத்தகத்தின் ஓரத்தையும் தலைமுடியையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

வெளிச்சம்: பந்தல், மரத்தடி, வகுப்பறை

நம் ஊர் விழாக்களில் புகைப்படக்காரருக்குப் பெரிய சவால் சாமியானா பந்தல்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கோடு போட்ட துணிக்குக் கீழே உட்கார்ந்தால் ஒரு பிள்ளையின் முகம் சிவப்பாகவும் பக்கத்துப் பிள்ளையின் முகம் நீலமாகவும் இருக்கும். எந்த மென்பொருளாலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் முன்கூட்டியே பேசச் சொன்னேன். வெள்ளைத் துணியோ தென்னங்கீற்றோ போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், கீற்று குளிர்ச்சியாகவும் இருக்கும். முடியாது என்றால், கதை சொல்பவரின் இடத்தைப் பந்தலின் ஓரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து வரும் பகல் வெளிச்சம் முகங்களைக் காப்பாற்றும். பந்தலுக்குக் கீழே அந்த வெள்ளைத் தாளைப் பிடித்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வசதி) அமைத்துக்கொண்டு, ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) எடுங்கள்.

மரத்தடியில் சிக்கல் வேறு. வேப்ப மரமோ புளிய மரமோ, இலை இடுக்கு வழியாக விழும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். நண்பகலில் இது மோசம். நிழல் எங்கே அடர்த்தியாக, ஒரே சீராக இருக்கிறது என்று முன்னதாகவே பார்த்து, ஜமக்காளத்தை அங்கே விரிக்கச் சொல்லுங்கள். சூரியன் நகர நகர நிழலும் நகரும் என்பதால், கதை நடக்கப்போகும் அதே நேரத்தில் முந்தின நாள் போய்ப் பார்ப்பது உதவும். மாலை வெளிச்சத்தை நம்பித் திட்டமிட்டால் மாதத்தைப் பாருங்கள். நவம்பரில் 5:40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், மே மாதத்தில் 6:30 வரை இருக்கும்.

வகுப்பறைக்குள் வந்தால் டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/50 நொடி என்று வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் வராது. விலை குறைந்த எல்இடி விளக்குகளிலும் இந்தத் தொல்லை உண்டு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டைகள் இன்னும் அதிகமாகத் தெரியும், வகுப்பறையில் மெக்கானிக்கல் ஷட்டரே பாதுகாப்பு. இதைவிட நல்ல வழி, விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரத்தில் பிள்ளைகளை உட்கார வைப்பது. ஃபிளாஷ் வேண்டாம். கதை கேட்கும் கண்களில் பளிச்சென்று அடித்தால் கதை அங்கேயே அறுந்துபோகும்.

தோலின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மாநிறமோ கறுப்போ உள்ள ஒரு முகம் படம் முழுவதையும் நிறைத்தால், அதைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கிச் சாம்பல் பூசும். அப்போது எக்ஸ்போஷரை (படத்துக்குக் கிடைக்கும் வெளிச்ச அளவை) மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வரை குறையுங்கள்; ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்காகும். அதே பிள்ளை வெள்ளைச் சுவருக்கு முன்போ திறந்த வாசலுக்கு எதிரிலோ இருந்தால் முகம் இருண்டுவிடும், அப்போது ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். பின்னால் எடிட் செய்யும்போது யாரையும் வெளுப்பாக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் நிறம் அந்தப் பிள்ளையுடையது. அழகாக்குகிறேன் என்று அதில் கை வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

காலையில் முதல் அரை மணி நேரம்

கேமராவைப் பார்த்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். “அக்கா, என்னை ஒரு போட்டோ”, “அண்ணா, எங்க ரெண்டு பேரையும்” என்று இழுப்பார்கள். இரண்டு விரலைக் காட்டி நிற்பார்கள். விரட்டாதீர்கள். முதல் அரை மணி நேரத்தை அவர்களுக்கென்றே ஒதுக்கி, கேட்கிற எல்லோரையும் எடுங்கள் (அணில் ஒட்டியவர்களை முகம் தெரியாமல்), திரையில் காட்டுங்கள், பெயர் கேளுங்கள். ஆசை தீர்ந்ததும் அவர்கள் உங்களை மறந்து புத்தகக் கடைப் பக்கம் போய்விடுவார்கள். உங்கள் உண்மையான வேலை அதற்கப்புறம்தான். ஆனால் கதை தொடங்கிய பிறகு திரையைக் காட்டவே கூடாது. கதைசொல்லி அரும்பாடுபட்டுப் பிடித்த கவனத்தை நீங்கள் ஒரு நொடியில் கலைத்துவிடுவீர்கள்.

இந்த நேரத்திலேயே ஏற்பாடுகளையும் எடுத்துவிடுங்கள். புத்தகக் கட்டுகளைப் பிரிக்கும் கைகள், காகிதத் தோரணம் கட்ட ஏணியில் ஏறியிருக்கும் அண்ணன், கரும்பலகையில் வரவேற்பு எழுதும் டீச்சர், தண்ணீர்த் தொட்டியோ குளக்கரையோ தெரியும்படி இடத்தின் அகலமான படம் ஒன்று. பிற்காலத்தில் ஊர்க்காரர்கள் அதிக நேரம் பார்ப்பது இவற்றைத்தான்.

கதை நேரம்

கதைசொல்லியை எடுக்க நினைப்பவர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுவிடுவார். கிடைப்பது வரிசையாகப் பின்தலைகள். நீங்கள் கதைசொல்லியின் தோளுக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால், தரையில் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லா முகமும் உங்களை நோக்கி இருக்கும். கதை தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், நடுவில் எழுந்து நடக்கக் கூடாது. கேமரா எப்போதும் பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் பிள்ளை சிறுத்து, பாவமாகத் தெரியும்.

கதையைக் கேளுங்கள். இது ஃபோகஸை விட முக்கியம். புலி எப்போது வரும், பாட்டி எப்போது ஏமாற்றுவாள் என்று தெரிந்தால்தான் முகங்கள் எப்போது மாறும் என்று உங்களுக்குத் தெரியும். கதைசொல்லியிடம் முன்கூட்டியே கதையைக் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. சிரிப்பு வெடிக்கும் நொடியை எல்லோரும் எடுப்பார்கள். அதற்கு முந்தைய நொடி, வாய் லேசாகத் திறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம், அதுதான் கதை உள்ளே இறங்கும் நேரம். அதற்காகக் காத்திருங்கள். டியூப் லைட் இல்லாத இடத்தில், கையை ஆட்டி நடித்துச் சொல்பவருக்கு ஷட்டர் 1/250, எழுந்து ஓடும் பிள்ளைகளுக்கு 1/500.

தனியாக வாசிக்கும் பிள்ளையை எடுப்பது இதைவிடக் கடினம். சுவரோரம் சாய்ந்து, விரலை வரியின் மேல் ஓட்டி, உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். 85 மி.மீ. லென்ஸோடு தள்ளி நில்லுங்கள். இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த வாசிப்பு உங்கள் படத்தைவிடப் பெரியது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் சின்னப் பிள்ளையை எடுத்து வேடிக்கையாகப் போடுவதும் வேண்டாம். படம் பார்த்துக் கதை கட்டுகிற பிள்ளை அது.

கிழிந்த சட்டை, வெறுங்கால், ஒழுகும் மூக்கு இவற்றை நெருக்கமாக எடுத்து வறுமைப் படம் ஆக்காதீர்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு விழாவுக்கு வந்திருக்கிறது. தலைசீவி, பவுடர் பூசி வந்திருக்கிறது. அது எப்படித் தெரிய ஆசைப்பட்டு வந்ததோ அப்படியே எடுங்கள்.

மேடை

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நூல் வெளியீடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம் போதும், ஆனால் அந்த இரண்டையும் ஒழுங்காக எடுங்கள், அமைப்பாளர்களுக்கு அவை தேவை. தலைமையுரை நீளும்போது மேடையைவிட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விடலாம். பிள்ளைகளே எழுதிய கையெழுத்துப் பத்திரிகையோ சின்ன நூலோ வெளியிடப்படுகிறது என்றால் மட்டும் அங்கேயே இருங்கள். எழுதிய பிள்ளையின் முகமும், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அதன் அம்மாவின் முகமும் இரண்டும் வேண்டும். அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

இரவில் கூத்தும் பாவையும்

வட மாவட்டங்களில் விழா பல நேரம் தெருக்கூத்தோடு முடியும். வேடம் கட்டுவதிலிருந்தே தொடங்குங்கள், கலைஞர்களிடம் கேட்டுவிட்டு. அரிதாரம் பூசுவதைப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பது அருமையான படம். மேடை விளக்கு ஒரே பக்கத்திலிருந்து கடுமையாக விழும், பின்னால் இருட்டு. ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து அளந்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 3200 முதல் 6400 வரை ஏற்றி, ஷட்டரை 1/250-க்குக் கீழே விடாமல் எடுங்கள். கொஞ்சம் புள்ளிகள் தெரிந்தால் பரவாயில்லை. தோல்பாவைக்கூத்து என்றால் திரையின் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரை அமையுங்கள், பாவைகளின் நிறம் அப்படியே வரும். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு தடவை திரைக்குப் பின்னாலும் போய், ஆட்டுபவரின் கைகளையும் எடுங்கள்.

பிள்ளைகளின் ஓவியங்களும் எழுத்தும்

சார்ட் பேப்பரில் வரைந்தவற்றை நினைவுக்காக எடுப்பது நல்ல வழக்கம். தரையில் விரித்து, நிழலில், நேர் மேலிருந்து, நான்கு மூலையும் சதுரமாக வரும்படி எடுங்கள். வரைந்த பிள்ளையின் பெயரையும் சேர்த்து. அந்த ஓவியத்தின் காப்புரிமை வரைந்த பிள்ளைக்கே சொந்தம், நாட்காட்டியிலோ அட்டையிலோ போட வேண்டுமென்றால் பெற்றோரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அதேபோல விற்பனைக்கு வைத்திருக்கும் படக்கதைப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாக எடுத்துப் பகிர்வது எழுத்தாளரையும் ஓவியரையும் பதிப்பாளரையும் பாதிக்கும். பிள்ளை கையில் அட்டை தெரிந்தால் போதும்.

ஒரு பழைய கைப்பேசியைப் பெரிய பிள்ளைகள் சிலரிடம் ஒரு மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். உங்களால் போக முடியாத இடத்துக்கு அவர்கள் போவார்கள், சிநேகிதர்கள் அவர்களிடம் முகம் திருப்ப மாட்டார்கள். அந்தப் படங்களை அவர்கள் பெயரிலேயே வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள், அதுவரை மெமரி கார்டை அழிக்காதீர்கள். அப்புறம் தேர்வு. முதல் சுற்றிலேயே அணில் ஸ்டிக்கர் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பிரித்து அழித்துவிடுங்கள். இரண்டாவது சுற்றில் மங்கல், கண் மூடியது. மூன்றாவது சுற்றில்தான் யோசிக்க வேண்டியிருக்கும்: நல்ல படம், ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் சங்கடம் தருமா? தருமென்று தோன்றினால் விட்டுவிடுங்கள். இணையத்தில் போடும் முன் மீதியை ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். உங்களுக்குத் தெரியாத குடும்பச் சங்கதிகள் அவருக்குத் தெரியும்.

குறிப்பு எழுதும்போது இரண்டு விதமாக எழுதுங்கள். ஊருக்குக் கொடுக்கும் தொகுப்பில் பெயர், வகுப்பு, என்ன கதை, யார் சொன்னார் என்று முழுதாக இருக்கட்டும். இணையத்துக்குப் போவதில் பிள்ளையின் பெயரும் பள்ளியும் ஊரும் ஒன்றாக வரவே கூடாது, என்ன நடக்கிறது என்பது போதும். கைப்பேசிப் படங்களில் இடக்குறிப்பு பதிந்திருக்கும், அதை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அமைப்பாளர்களுக்கு டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள். ஆனால் ஊருக்குத் தேவை அச்சுப் படம். 4-க்கு 6 அங்குல அளவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றாவது கிடைக்கும்படி கணக்குப் போட்டு அச்சடியுங்கள். சென்னையில் மொத்தமாகக் கொடுத்தால் பல லேப்களில் விலையைக் குறைத்துத் தருவார்கள். அணில் பிள்ளைகளுக்கு அவர்கள் வரைந்த ஓவியத்தின் படத்தைக் கொடுக்கலாம். நல்லவற்றில் பத்துப் பதினைந்தை 12-க்கு 18 அங்குல அளவில் பளபளப்பில்லாத மேட் தாளில் அடித்து, ஊர் நூலகத்தில் கொடிக் கயிறு கட்டி கிளிப் போட்டு, பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள். ஒரு மாதத்துக்குள் இதைச் செய்துவிடுங்கள், விழா பேச்சில் இருக்கும்போதே.

சம்மதப் படிவங்களைப் படங்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். படிவத்தின் கீழே ஒரு தொடர்பு எண் இருக்கட்டும். பின்னால் எப்போது யார் கூப்பிட்டு “எங்க பொண்ணு போட்டோவை எடுத்துடுங்க” என்றாலும், காரணம் கேட்காமல் அன்றைக்கே இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, எடுத்தாயிற்று என்று அவர்களுக்குத் திருப்பிச் சொல்லுங்கள்.